பிள்ளைகள் காயையும் கீரையையும் விரும்பிச் சாப்பிட: வேலூர்ப் பக்கத்து வீடுகளுக்கான வழிகாட்டி

மூன்று வயதுப் பிள்ளை கத்தரிக்காயைத் துப்பினால் வீட்டில் உடனே எழும் பேச்சு, "இவனுக்குக் காய் ஆகாது" என்பதுதான். பிள்ளையின் காதில் விழும்படி நாலு முறை சொல்லிவிட்டால், அவனும் அதையே தன் குணமாக எடுத்துக்கொள்வான். அவன் துப்பிய துண்டை எடுத்து நீங்களே வாயில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளே வேகாமலோ, முற்றிய விதை கசந்தோ, காரம் தூக்கலாகவோ இருக்கும். பெரியவர்களின் நாக்கு அதையெல்லாம் பொறுத்துப் பழகிவிட்டது, பிள்ளையின் நாக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அதனால் முதல் வேலை, பிள்ளை எதை மறுக்கிறது என்று கண்டுபிடிப்பது. வழவழப்பா, நாரா, கசப்பா, வாடையா, காரமா, சூடா? ஒவ்வொன்றுக்கும் அடுப்பங்கரையிலேயே மாற்று இருக்கிறது. கெஞ்சுவது, மிரட்டுவது, போனைக் காட்டி ஊட்டுவது, எதுவும் தேவைப்படாது.

வட ஆற்காட்டின் பழைய சாப்பாடு பெருமளவு செடி கொடியிலிருந்து வந்ததுதான். கேழ்வரகுக் களி, கூழ், மல்லாட்டை (வேர்க்கடலை), காராமணி, மொச்சை, கொள்ளு, கீரைக் கடைசல், ஜவ்வாது மலைச் சாமை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி நடக்கும் வீடுகளும் இதைத் தாராளமாகப் பின்பற்றலாம். கறியை நிறுத்தச் சொல்லி இந்தக் குறிப்புகளை எழுதவில்லை. வாரத்தின் மற்ற வேளைகளில் தட்டில் இருக்கும் காயும் பருப்பும் மிச்சமாகாமல் வயிற்றுக்குள் போக வேண்டும், அதுவும் ஆசையோடு போக வேண்டும் என்பதே நோக்கம்.

தட்டில் எவ்வளவு, எத்தனை முறை

2 வயதிலிருந்து 6 வயது வரை புது உணவைக் கண்டு ஒதுங்குவது பிள்ளைகளின் இயல்பு. கசப்பைப் பெரியவர்களைவிடக் கூர்மையாக உணரும் பருவமும் அதுதான். ஒரு காயை 8 முதல் 15 முறை கண்ணால் பார்த்து, தொட்டு, முகர்ந்து, நாக்கில் வைத்த பிறகே பல பிள்ளைகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. மூன்றாம் முறையோடு அம்மா கைவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. வாரம் இரண்டு முறை என்று வைத்தால் ஒரு காய்க்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். ஒரே காயைத் தினமும் வைக்காதீர்கள், சலித்துவிடும்.

அளவு முக்கியம். பழகிய காய் என்றால் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 4 வயதுக்கு 4 கரண்டி போதும். புதுக் காய் என்றால் அரைக் கரண்டி, அதுவும் தட்டின் ஓரத்தில், சோற்றோடு கலக்காமல். குவியலாக வைத்தால் பார்த்ததுமே மனம் மூடிக்கொள்ளும். தட்டில் பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்த ஒன்று, தயிர்சாதமோ ரசசாதமோ, எப்போதும் இருக்கட்டும். பசியோடு எழுந்திருக்க மாட்டோம் என்ற நம்பிக்கை இருந்தால்தான் புதியதைத் தொட்டுப் பார்க்கத் துணிச்சல் வரும்.

என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது என்பதைப் பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். பாட்டியிடம் வந்து "ஆயா, எனக்குக் கீரை வேணாம்" என்றால், "சரி கண்ணு, தட்டுல இருக்கட்டும், வேணும்னா எடுத்துக்கோ" என்பதோடு பேச்சை முடித்து, ஆயா தன் தட்டில் இருக்கும் கீரையைச் சாப்பிட ஆரம்பிக்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பொரியல் வைத்துவிட்டு அப்பா ஊறுகாயோடு எழுந்து போகும் வீட்டில் எந்த உபாயமும் வேலை செய்யாது.

"கீரை சாப்பிட்டா சாக்லேட்டு" என்ற பேரம் வேண்டாம். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று பிள்ளை சரியாகவே புரிந்துகொள்ளும். காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பதும் அரை வெற்றிதான். சத்து உள்ளே போகும், ஆனால் காயோடு பழக்கம் வராது. ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் தோசையையே சந்தேகப்படும். பீட்ரூட் தோசை சுடுவதென்றால் பீட்ரூட்டைத் துருவும் வேலையைப் பிள்ளையின் கண்முன் செய்து, பெயரைச் சொல்லியே கொடுங்கள்.

கத்தரிக்காய்: பிரியாணிதான் வாசல்

ஆம்பூர், வாணியம்பாடி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரியாணியைத் தெரியாமல் இருக்காது. அதற்குத் தொட்டுக்கொள்ள வரும் புளிப்பான கத்தரிக்காய், காயை ஒதுக்கும் பிள்ளையைப் பழக்க இந்த ஊருக்கே வாய்த்த நல்ல வழி. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சதைப்பற்று உள்ள, எண்ணெயில் குழைந்து வரும் காய். காம்பை ஒட்டிய பச்சைத் தொப்பியில் முள் இருக்கும், பிள்ளை கையில் கொடுக்குமுன் முள்ளைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள்.

வாங்கும்போது தோல் பளபளவென்று, அழுத்தினால் மீண்டு எழும்பும் காயாகப் பாருங்கள். பளபளப்பு மங்கிப்போனது முற்றியது. உள்ளே விதை கெட்டியாகிக் கசக்கும், பிள்ளை துப்புவது இந்தக் காயைத்தான். பிரிட்ஜில் பல நாள் வைத்தாலும் குளிர் தாங்காமல் விதை பழுப்பேறி, தோலில் குழி விழும். வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவது நல்லது.

நாலு பேருக்குச் சின்னக் காயாக 250 கிராம் எடுங்கள். காம்பை வெட்டாமல், அடியிலிருந்து நாலாகக் கீறி, உடனே உப்புத் தண்ணீரில் போடுங்கள். வெளியே வைத்தால் காற்றுப் பட்டுக் கறுக்கும், கறுத்த காயைப் பிள்ளை தொடாது. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 2 மேசைக்கரண்டி, வறுத்த வெள்ளை எள் 1 மேசைக்கரண்டி, மல்லித்தூள் 2 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, இவற்றைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நைசாக அரைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்குக் காரம் போதாதென்றால் கடைசியில் பிள்ளைக்கு எடுத்துவைத்த பிறகு மிளகாய்த்தூளை எண்ணெயில் தாளித்துச் சேர்க்கலாம்.

காயைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துணியில் ஒற்றி, 4 மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் மிதமான தீயில் 8 முதல் 10 நிமிடம் திருப்பித் திருப்பி வதக்குங்கள். காம்பு ஓரத்தில் கத்தி முனையை வைத்தால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அந்தப் பதம் வந்ததும் காயைத் தனியே எடுத்துவைத்து, அதே எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், ஒரு தக்காளி, அரைத் தேக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதை வதக்கி, அரைத்த மசாலாவையும் ஒரு கப் தண்ணீரையும் உப்பையும் சேருங்கள். நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போகும்வரை கொதிக்கவிட்டு, அதன் பிறகே காயைப் போட்டு ஐந்து நிமிடம் சிறு தீயில் வையுங்கள். இறக்கும்போது சுண்டைக்காய் அளவு வெல்லம்.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. காய் வேகுமுன் புளியோ தக்காளியோ சேர்த்துவிட்டால், புளிப்பு காயின் சதையை இறுக்கிப் பிடித்துவிடும். பிறகு அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் ரப்பர்போல் ஒரு கடினம் நிற்கும். "எங்க வீட்டுக் கத்தரிக்கா மட்டும் ஏன் இப்படி" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

முதல் இரண்டு மூன்று முறை பிள்ளைக்குக் குழம்பை மட்டும் குஸ்காவோடு (கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு) பிசைந்து கொடுங்கள். பிறகு தோல் நீக்கிய சதையை ஒரு கரண்டி. அதற்கும் பழகியபின் முழுக் காயைக் காம்போடு கையில் கொடுங்கள். காம்பைப் பிடித்துக் கடித்து இழுப்பது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலை. வேலை நாளில் கறி இல்லாமல், சீரகச் சம்பா அரிசியில் பட்டை, கிராம்பு, புதினா போட்ட குஸ்காவும் இந்தக் கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் வைத்தால் பிள்ளைக்கு அதுவே விருந்து. குஸ்காவில் பட்டாணி, கேரட், பீன்ஸ் சேர்ப்பதாக இருந்தால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள், பெரிய துண்டு என்றால் பொறுக்கி ஓரத்தில் வைத்துவிடும்.

கீரையில் பிள்ளை மறுப்பது நாரையும் மண்ணையும்

கீரையைக் குழாய்த் தண்ணீரில் காட்டி எடுத்தால் மண் போகாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கீரையைப் போட்டு அலசி, கையால் கீரையை மேலே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்து வடித்தால் அடியில் தங்கிய மண் மறுபடி கீரை மேலேயே விழும். மூன்று தண்ணீர் மாற்றுங்கள். ஒரே ஒரு மணல் பல்லில் நறநறத்தால் போதும், பிள்ளை ஒரு மாதம் கீரையைத் திரும்பிப் பார்க்காது.

சிறுகீரை, பருப்புக்கீரை, அரைக்கீரை மூன்றும் தொடக்கத்துக்கு ஏற்றவை, கசப்பில்லை. தண்டைக் கிள்ளும்போது "டக்" என்று ஒடிந்தால் சேர்த்துக்கொள்ளலாம், நார் இழுபட்டால் பிள்ளைக்குச் சமைக்கும் பங்கில் வேண்டாம். ஒரு கட்டுக் கீரைக்குக் கால் கப் பாசிப்பருப்பு. பருப்பைத் தனியே குழைய வேகவைத்து, கொதிக்கும் நிலையில் கீரை, நாலு பல் பூண்டு, சின்ன வெங்காயம் ஐந்தாறு, ஒரு கீறிய பச்சை மிளகாய் சேர்த்து, மூடாமல் ஆறேழு நிமிடம் வேகவிடுங்கள். மூடி வைத்தால் கீரையிலிருந்து எழும் புளிப்பு ஆவியோடு வெளியேறாமல் உள்ளேயே சுற்றி, பச்சை நிறம் பாசி நிறமாக மாறும். மிளகாயை எடுத்துவிட்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் ஓட்டினால் பசைபோல் ஆகிவிடும், விட்டு விட்டு இரண்டு சுற்றோடு நிறுத்த வேண்டும்.

புளிச்சகீரை இந்தப் பக்கத்தின் சொத்து. ஆனால் அதன் புளிப்பு சின்னப் பிள்ளைக்கு அதிகம். ஒரு பங்கு புளிச்சகீரைக்கு இரண்டு பங்கு சிறுகீரை என்று கலந்து தொடங்கி, வயது ஏற ஏறக் கூட்டுங்கள். முருங்கைக்கீரையைப் பொரியலாக அல்லாமல் கேழ்வரகு அடையில் சேர்த்தால் எளிதாகப் பழகும். ஒரு கப் மாவுக்கு உருவிய இலை ஒரு கைப்பிடி, ஈர்க்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாவை வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள், பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் அடை விரிசல் விட்டு வறண்டுபோகும்.

களி, கூழ்

கேழ்வரகை "பிள்ளைங்க சாப்பிடாது" என்று பல வீடுகள் கைவிட்டுவிட்டன. இது வருத்தப்பட வேண்டிய இழப்பு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி 4 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவை 550 மில்லிகிராம். பால் குடிக்காத பிள்ளைக்கு இதைவிட எளிய தானியம் இல்லை. பிள்ளைகள் மறுப்பது அரைகுறையாக வெந்து பல்லில் ஒட்டும் களியை.

கால் கப் அரிசி நொய்யை 3 கப் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவையுங்கள். நொய் வெந்ததும் தீயைக் குறைத்து, ஒரு கப் கேழ்வரகு மாவை நடுவில் கோபுரமாகக் கொட்டி, துடுப்பின் முனையால் நடுவில் அடிவரை ஒரு துளை இடுங்கள். கிளறக் கூடாது. மூடி வைத்து 8 முதல் 10 நிமிடம் விட்டால், கொதிநீர் துளை வழியே பொங்கி மாவை ஆவியிலேயே வேகவைக்கும். பிறகு மேலே நிற்கும் தண்ணீரில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் வடித்து வைத்துக்கொண்டு, இறக்கி, துடுப்பால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். இறுகினால் வடித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். மறுபடி சிறு தீயில் மூடி மூன்று நிமிடம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை. மாவு ஆவியில் வேகுமுன் அவசரப்பட்டுக் கிளறுவதால்தான் கட்டி விழுகிறது. விழுந்த கட்டியை உடைக்கவே முடியாது, உள்ளே வறண்ட மாவு அப்படியே இருக்கும்.

பிள்ளைக்கு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக ஐந்தாறு உருட்டி, கீரைக் கடைசலை நடுவில் ஊற்றிக் கொடுங்கள். இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், ஆறினால் இறுகிவிடும். தானே தொட்டுத் தொட்டு எடுக்கட்டும். பெரியவர்கள் களியை மெல்லாமல் விழுங்குவார்கள், சின்னப் பிள்ளைக்கு அது கூடாது, மென்று தின்னச் சொல்லுங்கள்.

கூழுக்கு ஆடி மாதத்தைவிட நல்ல தருணம் கிடையாது. அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் சொம்பும் தூக்குமாக நிற்கும்போது, வீட்டில் மூக்கைப் பிடித்த பிள்ளையும் வாங்கிக் குடிக்கும். கூட வரும் முருங்கைக்கீரையையும் சாப்பிடும். அந்த வாரத்திலேயே வீட்டிலும் கூழ் காய்ச்சிவிடுங்கள், ருசி நாக்கில் இருக்கும்போதே. மாவை ஒரு இரவுக்கு மேல் புளிக்கவிடாதீர்கள், மோரும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்தால் போதும்.

பருப்பு வேகாததற்குத் தண்ணீரும் காரணம்

பாலாற்றுப் படுகை ஊர்களில் பல வீடுகளின் போர்த் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலை இறுக்கிவிடும். கொண்டைக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து ஆறு விசில் விட்டும் கல்லாக இருந்தால் குக்கரைக் குறை சொல்ல வேண்டாம். ஊறவைப்பதையும் வேகவைப்பதையும் குடிதண்ணீரில் செய்து பாருங்கள். அதிலும் வேகாவிட்டால் சரக்கு பழசு. நாள்பட்ட பயறு எந்தத் தண்ணீரிலும் குழையாது.

கொண்டைக்கடலை 8 முதல் 10 மணி நேரம் ஊறி 5 விசில், காராமணி 5 மணி நேரம் ஊறி 2 விசில், காய்ந்த மொச்சை இரவு முழுதும் ஊறி 4 விசில். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும், பெரியவர்களுக்கான சுண்டல் பதம் சின்னப் பிள்ளைக்குப் போதாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் வயிறு உப்புசம் குறையும். மாங்காயோ எலுமிச்சையோ வெந்த பிறகுதான், கத்தரிக்காய்க்குச் சொன்ன அதே காரணம். எலுமிச்சை ருசிக்கு மட்டும் அல்ல, அதிலுள்ள வைட்டமின் சி பயறின் இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகிறது.

மல்லாட்டைக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். 5 வயதுக்குக் கீழே முழுக் கடலை கொடுக்காதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும். பொடியாகவோ, நைசாக அரைத்த சட்னியாகவோ கொடுங்கள். முதல் முறை கால் தேக்கரண்டி. உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனை. பூஞ்சை படிந்த, கறுத்துச் சுருங்கிய, கசக்கிற கடலையைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, அதிலுள்ள நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

வழவழப்பு, கசப்பு

வெண்டைக்காயைக் கழுவித் துடைத்து ஈரம் காய்ந்த பிறகே நறுக்குங்கள். அகலமான வாணலியில், மூடாமல், உப்பைக் கடைசியில் போட்டு வதக்கினால் வழவழப்பு அடங்கும். ஒரு கரண்டி தயிர் சேர்ப்பது இன்னும் நல்லது. முட்டைக்கோஸை எட்டு நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும். பாகற்காயை 6 வயது வரை வற்புறுத்த வேண்டியதில்லை. அதன் பிறகு மெல்லிய வளையமாக நறுக்கி, உப்பு மஞ்சள் பிசறிப் பதினைந்து நிமிடம் வைத்துப் பிழிந்து, மொறுமொறுப்பாக வறுத்துத் தயிர்சாதத்தோடு கொடுக்கலாம்.

டிபன் பாக்ஸ்

வேலூர் வெயிலில் காலை ஏழரைக்குக் கட்டிய சாப்பாடு மதியம் வரை தாங்க வேண்டும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் போட்ட சுண்டலும் அதற்குள் ஊசிப்போகலாம். கீரைசாதம் கறுத்து வாடை வரும், பக்கத்துப் பிள்ளை மூக்கைச் சுளித்தால் நம் பிள்ளை அந்தக் கீரையை வீட்டிலும் ஒதுக்கும். பள்ளிக்குக் காராமணிப் புளிசாதம், வேர்க்கடலைப் பொடிசாதம், கேரட் பட்டாணி சேர்த்த எலுமிச்சைசாதம், வெண்டைக்காய் வறுவல் ஆகியவை சரிவரும். ஆறிய பிறகே மூடுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி உள்ளேயே சொட்டும், சாப்பாடு நசநசத்துச் சீக்கிரம் கெடும்.

பொடிக்கு ஒரு கப் வறுத்த வேர்க்கடலை, இரண்டு மிளகாய் வற்றல், நாலு பல் பூண்டு, ஒரு துண்டு காய்ந்த புளி, உப்பு. பூண்டையும் மிளகாயையும் தனித்தனியே வறுத்து, எல்லாம் ஆறியதும் மிக்சியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் பிரிந்து உருண்டையாகிவிடும்.

பள்ளிக்குப் புதுக் காயைக் கொடுத்தனுப்ப வேண்டாம். புதியதைப் பழக்கும் இடம் வீடு, நேரம் ராத்திரிச் சாப்பாடு.

பசியைக் கெடுக்கும் மூன்று

ஒன்று, சாயங்கால பஜ்ஜி, பிஸ்கட். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பு நொறுக்கு நிற்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில் வெள்ளரி, கேரட், அவித்த காராமணி, கொய்யா என்று தட்டில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுங்கள். நாளின் மிக நல்ல வாய்ப்பு அந்த அரை மணி நேரம்தான். இரண்டு, அளவுக்கு மீறிய பால். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் சின்னப் பிள்ளைக்குச் சோற்றுப் பசியே எடுக்காது, ரத்தசோகையும் வரலாம். மூன்று, டீ. பல வீடுகளில் ஆயா குடிக்கும் டம்ளரிலிருந்து பிள்ளைக்கும் கொஞ்சம் ஊற்றுவது வழக்கம். டீயிலுள்ள துவர்ப்புப் பொருள் கீரை, பருப்பின் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைக்கு டீயே வேண்டாம்.

சந்தையும் தொட்டியும்

வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கோ பக்கத்து உழவர் சந்தைக்கோ போகும்போது பிள்ளையைக் கூட்டிப்போய், இருபது ரூபாயைக் கையில் கொடுத்து, ஒரு காயை அதுவே பொறுக்கி வாங்கட்டும். வாங்கியதை அன்றே சமைத்துவிட வேண்டும். வீட்டில் அவரைக்காய் நார் எடுப்பது, பட்டாணி உரிப்பது, கீரை கிள்ளுவது எல்லாம் 3 வயதுப் பிள்ளைக்கே வரும். மொட்டைமாடித் தொட்டியில் வெந்தயம் விதைத்தால் மூன்று வாரத்தில் கீரை, வெண்டை விதைத்தால் ஒன்றரை மாதத்தில் காய். சித்திரை, வைகாசி வெயிலில் விதைக்காதீர்கள். முளைத்தது கருகினால் பிள்ளை நொந்துபோகும். ஆடியில் தொடங்குங்கள்.

முழுக்கச் செடி உணவு மட்டும் என்றால்

பால், தயிர், முட்டை எதுவும் கொடுக்காமல் வளர்ப்பதாக இருந்தால் வைட்டமின் பி12-ஐப் பற்றிக் கட்டாயம் யோசிக்க வேண்டும். எந்தக் கீரையிலும் பயறிலும் தேவைக்கு உரிய அளவில் அது கிடையாது. குறைந்தால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும், வளரும் பிள்ளைக்கு அது பெரிய கேடு. குழந்தை மருத்துவரிடம் சொல்லி மருந்தாகக் கொடுக்க வேண்டும், அளவை அவரே முடிவு செய்யட்டும். தாயும் அதே உணவு முறையில் இருந்து பால் கொடுப்பவராக இருந்தால் அவரும் பி12 எடுத்துக்கொள்ள வேண்டும்.

பால், தயிர் சேரும் வீடுகளில் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. 4 முதல் 6 வயதுக்கு நாளொன்றுக்கு 11 மில்லிகிராம், 7 முதல் 9 வயதுக்கு 15 மில்லிகிராம் என்பது அதே 2020 பரிந்துரை. தினமும் ஒரு வேளை பருப்பு அல்லது பயறு, வாரம் மூன்று நாள் கீரை, கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா, தக்காளி இவற்றில் ஒன்று என்று திட்டம் வையுங்கள். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைத்தால் அதை வெந்நீரில் பிசைந்து, துருவிய கேரட்டும் வெல்லமும் சேர்த்துக் கொழுக்கட்டையாக அவித்துக் கொடுக்கலாம்.

சின்னப் பிள்ளையின் வயிறு சிறியது, காயும் கீரையும் சீக்கிரம் நிறைத்துவிடும். அதனால் பருப்புசாதத்தில் ஒரு தேக்கரண்டி நெய்யோ கடலை எண்ணெயோ விட மறக்காதீர்கள். உள்ளங்கையும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தாலோ, மண், சாக்பீஸ், பச்சரிசி என்று தேடித் தின்றாலோ, இரண்டு மூன்று மாதமாக எடை ஏறாமல் நின்றாலோ, பிடிவாதம் என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். எல்லாக் காயையும் ஒரேயடியாக மறுத்து, கட்டியான எதையும் மெல்ல முடியாமல் ஓங்கரிக்கும் பிள்ளையையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சமையலை மாற்றுவதால் மட்டும் அது சரியாகாது.